மருந்து படலை, ஆத்தா

என் சொந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு ஏழு நிபந்தனைகள் இருந்தன. செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட வேண்டும். வாசல் கேட்டைக் கையால் தொடக்கூடாது, முழங்கையால் தள்ள வேண்டும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், உடுத்தியிருப்பதை எல்லாம் சிவப்பு வாளியில் போட வேண்டும். அங்கேயே குழாயடியில் தலையோடு குளிக்க வேண்டும். சோப்பு இரண்டு தடவை. கொடியில் கிடக்கும் துண்டை நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும், நடுவில் கை படக்கூடாது. ஏழாவதுதான் பெரிய நிபந்தனை. ஈரத் தலையோடு சமையலறை வாசலில் நின்று, உள்ளே இருந்து என் மகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

“அப்பா, மருந்து படலைல்ல?”

“படலை, ஆத்தா.”

“எங்கயும்?”

“எங்கயும் படலை, ஆத்தா.”

“நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்துட்டேன், ஆத்தா.”

மூன்று பதிலும் ஒரே குரலில் வர வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் சலிப்புத் தட்டினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஆளை வேலை வாங்குகிறவன், பதினைந்து வயதுப் பெண் முன்னால் இடுப்பில் துண்டோடு நின்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் அம்மாள் ஒரு நாளும் தவறாமல் அதே நேரத்துக்குத்தான் வருவார்.

எங்கள் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு மூன்று பொருள். டாக்டர் எழுதிக் கொடுப்பது மருந்து. ஏலச்செடிக்கு அடிப்பதும் மருந்து. பூச்சிக்கொல்லி என்ற சொல் டப்பாவின் மேல்தான் இருக்கும், வாயில் வந்து நான் கேட்டதில்லை. மூன்றாவது, “அவரு மருந்தக் குடிச்சிட்டாரு” என்று யாராவது சொன்னால் தெருவே எழுந்து ஓடும் மருந்து. எந்த மருந்து என்று யாரும் விளக்குவதில்லை. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போடிமெட்டுக்கு மேலே எனக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு கீழே போடியில். ஏலம் மருந்து கேட்கிற பயிர். தண்டு துளைக்கிற புழுவுக்கு ஒன்று, காயைச் சொறி பிடிக்க வைக்கிற பேனுக்கு ஒன்று, மழை பிடித்தால் அழுகலுக்கு ஒன்று. அடிக்காமல் விட்டால் காய் தேறாது. அடிக்க ஆள் கிடைக்காத நாளில் நானே ஹோஸைப் பிடித்துக்கொள்வேன். என் அப்பாவும் அப்படித்தான் அடித்தார். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவர் மூன்றாவது வகை மருந்தில் போய்ச் சேர்ந்தார். அவரும் ஏலக்காரர். அவர் மகள் இவளுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள். துக்கத்துக்குப் போய்விட்டு வந்து நான் சாப்பிட்டேன், தூங்கினேன், மறுநாள் மலைக்குப் போனேன். இவள் அன்றைக்குத்தான் தட்டை இரண்டாம் முறை கழுவ ஆரம்பித்தாள் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிலமலையில் இருக்கும் என் அக்கா வந்தபோது, “எம் மகளுகளும் இருக்காளுகளே, எச்சித் தட்டத் தாண்டிப் போறாளுக. இவளப் பாரு தம்பி, பாத்திரத்த எப்படிக் கழுவுறா, போற வீட்டுல கும்புடுவாக” என்றாள். நானும் பல்லைக் காட்டினேன். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இப்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாம் முறை மூன்றானது, மூன்று ஆறானது. ஏலக்காய் வாசம் பட்டால் டீயைக் கொட்டிவிடுவாள். ஏலக்காரன் வீட்டில் ஏலக்காய் இல்லாத பாயசம் வைத்தோம். நான் வாங்கி வந்த பேனாவைத் தொட மாட்டாள். ஜீப்பில் ஏற மாட்டாள். குளியலறைக்குள் போனால் பள்ளிக்கூட வேன் வாசலில் ஆரன் அடித்து அடித்துப் போய்விடும். கை விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளிக்குழம்பு பட்டால் துடிப்பாள். அதற்குள் என் பக்கத்தில் உட்காருவதையும் விட்டுவிட்டாள். நான் கூடத்துக்கு வந்தால் அவள் அறைக்குள் போவாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் மகள் என்னைப் பார்த்துப் பயப்படக்கூடாது. படிப்பு, மார்க்கு எல்லாம் அப்புறம். அவளுடைய பார்வையில் நானே அந்த டப்பாவாகிவிட்டேன் என்று தோன்றியது. அவளைப் படிக்க வைக்கத்தானே அந்தக் குளிரிலும் அட்டைக்கடியிலும் கிடக்கிறேன், எனக்கே இந்தக் கதியா என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். நோய் என்று தெரியாத காலத்தில் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன். தெரிந்த பிறகும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஆத்திரம் கை மீறியது. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது. நான் மூன்று தடவை குளித்தாயிற்று. நான்காவது தடவையும் அவள் “நல்லா பாத்தியா? இல்லப்பா, நீ கோவமா சொல்ற, மறுபடி சொல்லு” என்றாள். நான் பின்பக்கம் போனேன். சிவப்பு வாளியிலிருந்து முந்தின நாள் மருந்து அடித்த சட்டையை எடுத்து வந்தேன். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் அந்தச் சட்டையை வைத்து அழுத்தினேன்.

“பட்டுருச்சு! போதுமா? இப்ப என்ன ஆச்சு? உசுரா போயிருச்சு?”

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி அப்படியே நின்றாள். இரண்டு நாள் அந்தக் கையால் அவள் எதையும் தொடவில்லை. என் மனைவி கரண்டியால் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “நீங்க மனுசனே இல்ல” என்றாள். நான் செய்தது வைத்தியம் என்றே எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. பயப்படுவதைத் தொட்டுப் பார்த்தால் பயம் தெளியும் என்று.

அப்புறம் அக்காவின் வைத்தியம். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பூசாரியிடம் போனோம். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். திரும்பும் வழியில் பஸ்சில் மகள் கயிறு கட்டிய கையை மடிக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். பஸ்சு போடிக்குள் நுழையும்போது மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, அந்தப் பூசாரிக்குத் தோட்டம் இருக்கா?”

“ஏன் ஆத்தா?”

“மருந்து அடிச்ச கையோட கட்டியிருந்தா?”

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைக் கொண்டா என்று மனைவியிடம் சொன்னேன். வெட்டிப் போட்டாயிற்று. அக்காவுக்கு இன்றைக்கு வரை அந்த வருத்தம் உண்டு.

கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர்தான் வழி சொன்னார். தேனியில் ஒரு மனநல டாக்டர், என் அம்மா வயதுக்காரர். மகளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். அதன் பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டு, இதற்கு ஓ.சி.டி. என்று பெயர் என்றார். இதை நான் என் மனைவியின் அண்ணனிடம் சொன்னபோது அவர், “ஓசின்னா சும்மா கெடைக்கிறதுல்ல மாப்ளே? இந்தச் சீக்கும் சும்மாதான் கெடச்சதா?” என்று சிரித்தார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

டாக்டர் அறையில் என் மகள் சொன்னதை அதுவரை நான் கேட்டதில்லை. “எனக்குத் தெரியுது டாக்டர், படலைன்னு. ஆனா ‘பட்டிருந்தா?’ன்னு ஒரு நெனப்பு வருது. வந்துட்டா போக மாட்டேங்குது. கேட்டா கொஞ்ச நேரம் போகுது. அப்புறம் மறுபடி வந்துருது. எனக்கே அசிங்கமா இருக்கு.”

அவளுக்கே தெரிகிறது என்பதுதான் எனக்கு இடி. தெரியாமல் செய்கிறாள், விளக்கினால் புரிந்துகொள்வாள் என்று இரண்டு வருடமாக விளக்கிக்கொண்டிருந்தவன் நான். சோப்பு என்ன செய்யும், வெயில் என்ன செய்யும், மருந்தின் வீரியம் எத்தனை நாளில் போகும் என்று அவளுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

“அந்தச் சாவுனால வந்ததா டாக்டர்?” என்று என் மனைவி கேட்டாள்.

“அது இல்லேன்னாலும் வேற எதையாவது புடிச்சிருக்கும். கதவுப் பூட்டு, கேஸ் அடுப்பு, சாமி... உங்க வீட்ல மருந்து கெடச்சது, அதைப் புடிச்சுக்கிச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “அந்த ஏழு விஷயம் சொன்னீங்களே, அதெல்லாம் செஞ்சது நீங்கதானே? நீங்க ரெண்டு பேரும் அந்த நோய்க்குச் சம்பளமில்லாம வேலை பாத்திருக்கீங்க.”

“செய்யலேன்னா புள்ள அழுவுது.”

“அழுவா. நீங்க ஒரு தடவை ‘படலை’ன்னு சொன்னா பத்து நிமிஷம் நிம்மதி. அந்தப் பத்து நிமிஷத்துக்காக மறுபடி கேப்பா. பதில் வந்தாத்தான் இருக்க முடியும்னு மூளை பழகிரும். இனிமே ‘தெரியலை’ன்னு மட்டும் சொல்லுங்க. ‘இது அந்த நோய் கேக்குற கேள்வி, இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன்கூட இருக்கேன்’னு சொல்லுங்க. திட்டாம சொல்லணும்.”

நான் சட்டை விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வைத்தியமும் பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதுதான் என்று சொன்னபோது, அதைத்தானே நானும் செய்தேன் என்று எனக்குள் ஒரு வீம்பு.

“பாக்க ஒண்ணு மாதிரிதான் தெரியும்” என்றார் டாக்டர். “நான் சொல்றதுல கைய வைக்கிறது அவ. எப்ப வைக்கணும், எதுல வைக்கணும்னு அவதான் சொல்லுவா. நீங்க புடிச்சு அழுத்துனா அதுக்குப் பேரு வைத்தியமில்ல.”

இன்னொன்றும் சொன்னார். மருந்து அடித்துவிட்டு வந்தால் ஒரு தடவை குளிப்பது எல்லாரும் செய்ய வேண்டியது, அது நோய் இல்லை. குளித்தவனை மறுபடி குளிக்கச் சொல்வதுதான் நோய். பிறகு திடீரென்று, “நீங்க அடிக்கும்போது முகத்துக்கு என்ன போடுறீங்க?” என்று கேட்டார்.

“துண்டு.”

“அது பத்தாதே.”

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது வழியெல்லாம் அந்தக் கோபத்திலேயே வந்தேன்.

மாத்திரை அவளுக்குத் தொண்டையில் நிற்கும் என்பதால் தண்ணி மருந்தாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிப் பாட்டில், அளந்து குடிக்க ஒரு மூடி. பாட்டிலைப் பார்த்ததுமே அவள் முகம் வெளிறிவிட்டது. மருந்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்குக் குணமாக மருந்து குடிக்க வேண்டுமாம். யாரைப் போய் நோவது? நாங்கள் அதற்கு டானிக் என்று பெயர் வைத்துப் பார்த்தோம். போனில் டாக்டரிடம் கேட்டபோது, “அந்தச் சொல்லை ஒளிச்சு வைக்காதீங்க. மருந்துன்னே சொல்லுங்க. குடிக்கிற நேரத்தை அவளே முடிவு பண்ணட்டும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு நாள் அந்தப் பாட்டில் பிரிட்ஜின் மேல் நின்றது. தினமும் சாயங்காலம் நான் மலையிலிருந்து இறங்கி வந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். மூடி திறக்காமல் இருக்கும். இன்னொரு பக்கம், “தெரியலை” என்று சொல்லும் வேலையும் உருப்படவில்லை. என் மனைவி உறுதியாக இருந்தாள். நான்தான் தோற்றேன். அவள் கேட்டுக் கேட்டு, விக்கி விக்கி அழும்போது, மனைவி பார்க்காத நேரம் ‘படலை’ என்று தலையை மட்டும் ஆட்டிவிடுவேன். உடனே அழுகை நிற்கும். எனக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கும். என் நிம்மதிக்காகத்தான் தலையை ஆட்டுகிறேன் என்று தெரிந்தேதான் ஆட்டினேன்.

பதிமூன்றாம் நாள் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். ஆள் ஒருவர் வரவில்லை, அதனால் நானே ஹோஸைப் பிடித்திருந்தேன். காற்று மாறி மாறி அடித்து, சட்டை எல்லாம் நனைந்துவிட்டது. பதினோரு மணி போல போன் அடித்தது. மேலே எங்களுக்கு டவர் வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

“ஏங்க...” என்றாள் என் மனைவி. குரல் நடுங்கியது. பிறகு வெறும் இரைச்சல். “...அவளா எடுத்து... மருந்தக் குடிச்சிட்டா... நான் பக்கத்துல இல்ல... ஏங்க, கேக்குதா...” அதோடு போன் செத்தது.

போனில் முகம் தெரியாது. குரல் நடுங்கினால் எங்கள் ஊர்க்காரன் எந்த மருந்தை நினைப்பான்? டாக்டர் கொடுத்த பாட்டில் என் நினைவுக்கே வரவில்லை. பின்பக்கத் தகரக் கொட்டகையில் நான் வைத்திருக்கும் டப்பாக்கள்தான் கண்ணில் வந்து நின்றன. கொட்டகைக்குப் பூட்டுப் போடு என்று மனைவி எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

ஹோஸை எங்கே போட்டேன் என்று தெரியாது. “அண்ணே, கையக் கழுவிட்டுப் போங்கண்ணே” என்று வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி பின்னால் கத்தியது மட்டும் காதில் விழுந்தது. ஜீப்பை எடுத்தேன். போடிமெட்டுச் சாலையில் அத்தனை வளைவிலும் ஆரன் அடித்துக்கொண்டே இறங்கினேன். பாதியில் டவர் வந்தது. போன் போட்டேன், லைன் பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். முன்னால் போன லோடு லாரிக்காரனை நான் என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேனா, விட்டேனா, தெரியாது. கேட்டைக் கையால் தள்ளினேன். செருப்போடு கூடத்துக்குள் ஓடினேன். என் மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, கசப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு சர்க்கரை தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து மோந்து பார்த்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். “எதக் குடிச்ச? எதக் குடிச்ச சொல்லு!” மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். காதில் போன், அந்த முனையில் அவள் அம்மா. இரண்டு வாரமாகக் குடிக்காத மருந்தைப் பேத்தி தானாகவே எடுத்துக் குடித்துவிட்ட நல்ல சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

“டாக்டரம்மா மருந்துன்னே சொல்லச் சொன்னாகள்ல, அதான் சொன்னேன்” என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

என் கை மகள் தோளில் இருந்தது. ஈரக் கை. ஈரச் சட்டை. அறை முழுக்க அந்த வாடை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, மருந்து...”

அன்றைக்கு என்ன பதில் சொல்வது? ‘தெரியலை’ என்பதும் பொய், ‘படலை’ என்பதும் பொய்.

“பட்டுருச்சு, ஆத்தா. நெறையவே பட்டுருச்சு. நீ போயி ஒரு தடவ குளி. நானும் ஒரு தடவ குளிக்கிறேன். வெரசாப் போ.”

அவள் போனாள். ஒரு தடவையில் முடியவில்லை. இரண்டு மணி நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நாள் காத்திருந்து கிடைத்ததை ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிட்டேன் என்று நான் குளித்து முடித்துப் பின்பக்கம் துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சோற்றுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அவளே வந்தாள். குழாய்க்கு அந்தப் பக்கம், நாலடி தள்ளி நின்றாள். கை இரண்டும் சிவந்து கிடந்தது.

“நான் அந்த மருந்தக் குடிச்சிட்டேன்னா நெனச்ச?”

“ஆமா, ஆத்தா.”

“லூசாப்பா நீ? எனக்குச் சாவுன்னா எவ்வளவு பயம்னு ஒனக்குத் தெரியாது?”

எனக்கு எங்கிருந்தோ பழைய கோபம் வந்தது. “தெரியும். அதுக்குத்தான என்னைய நாய வெரட்டுற மாதிரி வெளிய நிப்பாட்டி வச்சிருக்க. எம்மேல இருந்து ஒனக்குப் பட்டுரும்னு.”

அவள் என்னையே பார்த்தாள். நான் வேறு பாஷையில் பேசியது போல ஒரு பார்வை.

“எனக்கா?”

“பின்ன?”

“ஒனக்குப்பா. ஒனக்குப் பட்டுருச்சான்னுதான் தெனமும் கேக்குறேன். ரெண்டு தெரு தள்ளி இருந்தாளே, அந்த அக்காவோட அப்பா மாதிரி நீயும் போயிட்டா? எங் கையில இருந்தா அது ஒஞ் சோத்துல பட்டுரும்னுதான் கழுவிக்கிட்டே இருக்கேன். நீ பக்கத்துல வந்தா ஒஞ் சட்ட வாட வரும். வாட வந்தா அந்த நெனப்பு வந்துரும். அதான் உள்ள போயிருவேன்.”

மருந்து படலைல்ல? அந்தக் கேள்வியில் யாருக்கு என்பது இல்லவே இல்லை. தமிழில் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை, கேட்கிறவனுக்குப் புரியும். எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடமாக அந்த இடத்தில் அவள் பெயரை நானே போட்டுக்கொண்டு, என்னைத் தீண்டத்தகாதவனாக வைத்திருக்கிறாள் என்று அவள் மேல் ஆத்திரப்பட்டிருக்கிறேன். இரண்டு தடவை சோப்பு என்றது என் தோலுக்காக. முகத்துக்கு என்ன போடுகிறேன் என்று டாக்டர் கேட்டபோது திரும்பிப் பார்த்ததும் எனக்காக. டாக்டருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். நான்தான் யாரிடமும் கேட்கவில்லை.

அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் கையைப் பார்த்ததும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் அவள் மருந்தைத் தொடவில்லை. ஐந்து நாள் தொடவில்லை. நடந்ததைக் கேட்டு டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். ஆறாம் நாள் மறுபடி மூடியில் ஊற்றினாள். இப்போது சில மாதங்கள் ஆகின்றன. அவளே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்கிறாள். ஜீப்புக் கதவைத் தொட்டுவிட்டுக் கால் மணி நேரம் கை கழுவாமல் இருந்தாள். அடுத்த வாரம் அதே கதவைத் தொட முடியாமல் அழுதாள். வேன் சில நாள் அவளோடு போகிறது, சில நாள் அவள் இல்லாமல் போகிறது. கேட்டை நான் கையால்தான் தள்ளுகிறேன். குளியல் ஒரு தடவை. தகரக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

மலையில் இப்போது நான் முகமூடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் மருந்து அடிக்கிறேன். மேல்தோட்டத்துக்காரர், மலையாளி, வேலி ஓரம் நின்று, “எந்தா சேட்டா, ஓப்பரேஷனா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். முகமூடிக்குள் வியர்வை ஒழுகுகிறது, மூச்சு முட்டுகிறது, எரிச்சலாக வருகிறது. ஆனாலும் கழற்றுவதில்லை. இதை வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் ஒரு பதில், நாளைக்கு இன்னொரு பதில் வேண்டும் என்று கேட்க வைக்கும். அதனால் கையுறையையும் முகமூடியையும் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

நேற்றும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றேன். அவள் கேட்டாள். அவள் கேட்பது என் உயிரைப் பற்றி என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாத காலத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாரி வாரிக் கொடுத்த பதிலை, தெரிந்த பிறகு ஒரு தடவைகூடக் கொடுக்கக்கூடாது.

“தெரியலை, ஆத்தா.”

“நல்லா பாத்தியாப்பா?”

“அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். இங்கனதான் இருக்கேன்.”

“ஒரு வார்த்தப்பா! ஒரே ஒரு வார்த்த சொன்னா நீ என்ன கொறஞ்சா போயிருவ?” என்று கத்திவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்தினாள்.

நான் சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே அழுகை கேட்டது. அந்த ஒரு வார்த்தை என் வாய்க்குள்ளேயே இருந்தது. தலையைக்கூட ஆட்டவில்லை.